இந்தியில் அழுத நாகமணி

அமெரிக்காவின் பார்சிப்பனித் தமிழர்களிடம் நாகமணியை நடிகை என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சொன்னது நிஜம் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஹால் பிடித்து, சென்னையிலிருந்து மிருதங்கக்காரரை வரவழைத்து, வந்த விருந்தாளிகளைப் பொழுது சாயும்வரை நாற்காலியில் கட்டிப்போட்டு வைக்கிற ஜனங்கள் இவர்கள். அது கலை. ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷ் டிவியில் தலைகாட்டினால் அது கேலிக்கூத்து. இந்தக் கணக்கை அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ, தெரியவில்லை.

நாகமணி காங்கேயத்துக்காரி. கெமிஸ்ட்ரி படித்தவள். கிட்டுசாமியைக் கல்யாணம் செய்துகொண்டு நியூஜெர்சிக்கு வந்தபோது, பட்டத்தைப் பெட்டியின் அடியில் புடவைகளுக்குக் கீழே வைத்து எடுத்துவந்தாள். அது அங்கேயே இருந்துவிட்டது. அவளுக்குக் கொடுத்திருந்த விசாவில் கணவனோடு இருக்கலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம். வேலைக்கு மட்டும் போகக்கூடாது. கிட்டுசாமி ஒரு மருந்துக் கம்பெனியின் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கப் போனதும், அபார்ட்மென்டில் அவளும் டிவியும் மிஞ்சுவார்கள்.

மத்தியானங்களில் ஓடும் சீரியல்கள்தான் அவளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தன. அதில் வருகிற பெண்கள் எல்லோரும் பணக்காரச் சீமாட்டிகள். ஒருத்தி புருஷனை இன்னொருத்தி தட்டிப் பறிப்பதும், மயங்கி விழுவதும், விழித்ததும் யாரையோ அறைவதுமாக இருப்பார்கள். நாகமணி அவர்களோடு சேர்ந்து வாயசைத்துப் பழகினாள். அதனால் கடையில் பால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால்கூட, அவள் குரலில் ஏதோ சொத்துத் தகராறு நடப்பது போல் இருக்கும். கடைக்காரன் பயந்துபோய்ப் பால் இருக்கும் இடம்வரை கூடவே நடந்து வருவான்.

அவள் நடிகை ஆனது ஒரு பையோடு தெருவைக் கடந்ததால்தான். மகள் ஓவியா நடுநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கிரீன் கார்டு வந்து சேர்ந்து, இனி வேலைக்குப் போகலாம் என்று ஆனபோது, கெமிஸ்ட்ரி நாகமணிக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்து ஊரான பூன்ட்டனில் ஏதோ சீரியலுக்காகத் தெருவை அடைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது தெரியாமல் நாகமணி காய்கறிப் பையோடு குறுக்கே போய்விட்டாள். காதில் கருவி மாட்டிய ஒரு பெண் ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்று நாகமணி நினைத்தாள். அவளோ, அதே மாதிரி இன்னொரு தடவை நடக்க முடியுமா என்று கேட்டாள். நாகமணி நடந்தாள். மறுபடியும் நடக்கச் சொன்னார்கள். பையில் இருந்த கொத்தமல்லி வாடும்வரை நடந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று, அதே மாதிரி பையைக் கை மாற்றினாள். போகும்போது போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அழைப்பு வர ஆரம்பித்தது. நியூயார்க் பஸ்ஸைப் பிடித்துப் போவாள், வருவாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண், மருந்து பாட்டிலைப் பிடித்திருக்கும் நர்ஸ், கோர்ட்டில் பின்வரிசையில் உட்காருபவள், மார்ச்சுவரியில் படுத்திருக்கும் பிணம். பிறகு மெல்ல வசனம் வந்தது. வசனம் என்றால் என்ன, “சாரி சார், கடை மூடியாச்சு” என்பாள். உடனே ஒருத்தன் துப்பாக்கியை நீட்டுவான். அமெரிக்க டிவியில் இந்தியப் பெண்பிள்ளை கடை வைத்தால் அன்றைக்கே கொள்ளை போக வேண்டும் என்று எவனோ ஆதியில் எழுதிவைத்துவிட்டான் போலிருக்கிறது. அதற்குப் பின் வந்தவன் ஒருவனும் அதை அழிக்கவில்லை.

அதுவும் போதாது. அவளுடைய சீமாட்டி ஆங்கிலத்தைக் கேட்டு டைரக்டர்கள் முகம் சுளித்தார்கள். இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாகப் பேசச் சொன்னார்கள். நாகமணி யோசித்தாள். தமிழர் பேரவைத் தலைவர் மயில்சாமி மேடையில் பேசுகிற ஆங்கிலம் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லையும் கல்லில் போட்டு உடைத்துக் கொடுப்பது மாதிரி பேசுவார். அதை அப்படியே எடுத்துவிட்டாள். டைரக்டர்கள் சொக்கிப்போனார்கள். தன் குரல் அமெரிக்கா முழுக்கக் கடை நடத்திக் கொள்ளை போய்க்கொண்டிருப்பது மயில்சாமிக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் கிட்டுசாமிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கத்தமாட்டார். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதை மட்டும் மூச்சு மாதிரி உள்ளே இழுத்து வெளியே விட்டு வாழ்கிறவர். அந்த நாலு பேர் யார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

“ஏன் நாகமணி, உனக்கு ஊட்ல என்ன கொறைச்சல்? பொணமாப் போய்ப் படுத்துட்டு வர்றயே, பாக்கறவிய என்ன நெனைப்பாங்க?”

“பொணம் நல்லாப் படுத்திருக்குதுன்னு நெனைப்பாங்க.”

“கோயில்ல திருமூர்த்தி கேட்டாரு, சிஸ்டர் வீக்டேஸ்ல எங்க போறாங்கன்னு. லைப்ரரில வாலன்டியர் பண்றான்னு சொல்லிட்டேன்.”

“நான் லைப்ரரிப் பக்கம் போயே வருசமாச்சுங்க.”

“அதை யாரு போயி செக் பண்ணப் போறாங்க? லைப்ரரின்னா டீசன்ட்டா இருக்குதில்ல.”

ஆக, நாகமணி நடிகையாக இருந்த அத்தனை வருஷமும் ஊருக்கு அவள் நூலகத் தொண்டு செய்கிறவள். டிவியில் அவளைப் பார்த்துவிட்ட ஒன்றிரண்டு பேரும், அக்கா மாதிரியே ஒருத்தி நடித்தாள் என்று கிட்டுசாமியிடம் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்கள். அவரும் அசடு வழிய ஆமாம் என்றார்.

ஓவியாவோ வேறு ரகம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இப்போது ஜெர்சி சிட்டியில் தனியாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை என்பதால் துணி துவைக்க ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவாள். நாகமணி தமிழில் ஏதாவது கேட்பாள். அவள் போனைப் பார்த்துக்கொண்டே “வாட்எவர், அம்மா” என்பாள். கொஞ்சம் நீளமாகச் சொன்னால், “அம்மா, ஐ டோன்ட் கெட் இட், யுவர் டமில் இஸ் டூ ஃபாஸ்ட்” என்று காதில் கருவியை மாட்டிக்கொள்வாள். சாப்பிட வா என்பது மட்டும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் விளங்கும்.

இதையெல்லாம் நாகமணி பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுக்காதது பொங்கல் விழாவில் நடந்தது.

பேரவை அந்த வருஷம் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஒரு சீரியல் நடிகையை விமானத்தில் அழைத்து வந்தது. அந்த அம்மாள் தமிழ் சீரியலில் மருமகள் சாப்பாட்டில் விஷம் வைக்கிற மாமியார். அவரை வரவேற்க நாதஸ்வரம், ஆரத்தி, ஆளுயர மாலை. வாழ்நாளில் ஒரு நாளும் சீரியல் பார்க்காதவர்கள் என்று சொல்லிக்கொள்கிற டாக்டர்களும் கம்பெனி டைரக்டர்களும் செல்ஃபி எடுக்க ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நாகமணி அதில் உட்காரப் போனாள். நடிப்பைப் பற்றி அந்த அம்மாளிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று ஒரு ஆசை. மயில்சாமி ஓடிவந்தார்.

“அக்கா, அக்கா! சாம்பார் கவுன்டர்ல ஆளில்லீங்க. கொஞ்சம் பாத்துக்குங்க.”

“தம்பி, நான் செத்த இப்படி உக்காந்து...”

“நீங்க அங்க டிவிலயும் பேக்ரவுண்டுதானுங்களே? இங்கயும் பேக்ரவுண்ட் பாத்துக்குங்க!”

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நாகமணி திரும்பிப் பார்த்தாள். கிட்டுசாமியும் சிரித்துக்கொண்டிருந்தார். லைப்ரரிக் கதை அவருக்கு ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும், தெரிந்தே வருஷக்கணக்காக விளையாடியிருக்கிறார்கள் என்று அவளுக்கு அந்தச் சிரிப்பில் விளங்கியது. அன்று அவள் சாம்பார் ஊற்றினாள். மாமியார் நடிகைக்கும் ஊற்றினாள். அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த மாதம் அவளுக்கு ஒரு நிஜமான வேஷம் கிடைத்தது. துப்பறியும் சீரியல் ஒன்றில், சுடப்பட்டுச் செத்த ராஜ் என்பவனின் தாய். வழக்கம் போலக் கடைதான், கொள்ளைதான். ஆனால் இந்த முறை தாய் வந்து பிணத்தின் மேல் விழுந்து அழவேண்டும். காமிரா அவள் முகத்தை விட்டு நகராது. டைரக்டர் ஒரு நடுவயதுப் பெண். அவர் சொன்னது இதுதான்: “எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லை. இந்தியோ, நீங்கள் வீட்டில் எது பேசுவீர்களோ, அதில் அழுங்கள். என்ன சொன்னாலும் பரவாயில்லை, யாருக்கும் புரியப்போவதில்லை.”

யாருக்கும் புரியப்போவதில்லை என்ற சொல் நாகமணிக்குத் தேனாக இனித்தது.

காங்கேயம் பக்கத்து இழவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைப்பது செத்தவனுக்காக மட்டும் இல்லை. முதல் நாலு வரி அவனுக்கு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் உயிரோடு சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு. வாசலில் பந்தல் போட்டவனுக்கு, பாகம் பிரிக்காதவனுக்கு, சோறு போடாத மருமகளுக்கு என்று ஆளாளுக்குச் சாடை போகும். பெயர் சொல்லியும் போகும். கேட்பவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பாரியில் சொன்னதை நியாயம் கேட்க யாரும் வரமாட்டார்கள். வந்தால் அவர்களுக்குத்தான் அசிங்கம்.

ராஜாக நடித்த வாலிபன் சிமெண்டுத் தரையில் குளிரில் விறைத்துப் படுத்திருந்தான். நாகமணி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ‘ஆக்‌ஷன்’ என்றார்கள்.

*பொன்னா வளத்தெடுத்தேன் – என்ற சாமி*
*பொணமாக் கெடக்கறயே*

*மயிலு கட்டுன பந்தலிலே – என்ற சாமி*
*மாலை ஒருத்திக்கு*
*சாம்பாரு அண்டாவோட – என்ற சாமி*
*கரண்டி எனக்கு*

*கட்டிவந்த மகராசன் – என்ற சாமி*
*கண்டவங்ககிட்டச் சொல்லுறாரு*
*லைப்ரரிக்குப் போறாளாம் – என்ற சாமி*
*புஸ்தகத்தை அடுக்கறாளாம்*

*பெத்தெடுத்த பொண்ணொருத்தி – என்ற சாமி*
*பேசுனா வெளங்காதாம்*
*ஆத்தா அழுவறது – என்ற சாமி*
*அதுவுமா வெளங்காது*

கட் என்று சொல்ல டைரக்டருக்குத் தோன்றவில்லை. செத்துக்கிடந்தவன் கண்ணோரத்தில் நீர் வந்துவிட்டது. விளக்கு பிடித்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். இன்னொரு டேக் எடுக்கவில்லை. நாகமணி எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, காபி எங்கே இருக்கிறது என்று சீமாட்டி ஆங்கிலத்தில் கேட்டாள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை வருஷத்தில் காமிராவின் முன்னால் அவள் பேசிய எல்லாமே யாரோ எழுதிக் கொடுத்தது. இது ஒன்றுதான் அவளுடையது.

அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. யாருக்கும் புரியாது என்று வெள்ளைக்காரி சொன்னதை, தமிழச்சியான இவளும் நம்பிவிட்டாள்.

சீரியல் ஒளிபரப்பானது. டெக்சஸில் எவரோ ஒரு தமிழர் சோபாவில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், துள்ளி எழுந்து அந்த ஒப்பாரித் துண்டைப் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். அங்கிருந்து ஃப்ரீமான்ட், சான்டா கிளாரா என்று சுற்றி, பார்சிப்பனிக்கு வந்தது. இங்கிலீஷ் சீரியல் பார்ப்பதே இல்லை என்று சத்தியம் செய்கிற அத்தனை பேரும் பார்த்தார்கள். சமையலறைகளில் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பந்தல் கட்டிய மயிலு யார், புத்தகம் அடுக்கச் சொன்ன மகராசன் யார் என்று யாருக்கும் கோனார் நோட்ஸ் தேவைப்படவில்லை. கிட்டுசாமி கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். வீட்டில் பேச்சையும் நிறுத்தினார். தட்டில் போட்டதைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

மயில்சாமி லேசுப்பட்ட ஆளா? தன்னைத் திட்டினாள் என்று வாய் திறந்தால் திட்டு வாங்கியவன் தான்தான் என்று ஆகிவிடும். அவர் அந்தத் துண்டை உற்றுப் பார்த்தார். படத்தின் அடியில், காது கேளாதவர்களுக்காக எழுத்து ஓடுமே, அதில் நாகமணி அழுகிற நேரம் முழுக்க ஒரே வரி நின்றது: ‘இந்தியில் அழுகிறாள்’.

அவ்வளவுதான். மயில்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே பேரவையின் சார்பில் கண்டன அறிக்கை பறந்தது. செம்மொழியைப் பிறமொழி என்று எழுதிவிட்டார்கள், தமிழினத்துக்கு நேர்ந்த மாபெரும் அவமானம், பொறுக்க மாட்டோம் என்று. கையெழுத்து வேட்டை நடந்தது. நேற்றுவரை சமையலறையில் சிரித்தவர்கள் கொதித்தெழுந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பாரியில் என்ன சொன்னாள் என்ற பேச்சே அடங்கி, எந்த மொழியில் சொன்னாள் என்ற பேச்சு ஓங்கியது. பிள்ளைகளிடம் வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் பேசாதவர்கள்தான் இதில் முதல் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் ஒன்றைச் செய்யப்போனால் முழுசாகச் செய்து தொலைப்பார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. தமிழ் என்று மாற்றினால் மட்டும் போதாது, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்பதையே வரிக்கு வரி ஆங்கிலத்தில் போட்டு மரியாதை செய்ய விரும்புகிறோம், மொழிபெயர்த்துக் கொடுங்கள், நடிகையும் கூட இருக்கட்டும் என்றார்கள். மயில்சாமிக்குத் தொண்டையில் முள் சிக்கியது. பெருமையோடு வரவேற்கிறோம் என்று பதில் சொல்வதைத் தவிர அவருக்கு வழி இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நாகமணி வீட்டு வரவேற்பறையில் கூடினார்கள். வீடியோ காலை ஓவியாதான் தன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். அவளுடைய துணி அடித்தளத்து வாஷரில் சுற்றிக்கொண்டிருந்தது. கால் வருவதற்குமுன் மயில்சாமி தணிந்த குரலில் சொன்னார்:

“அக்கா, நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா தலையாட்டுனாப் போதும். இங்கிலீஷ்ல போயிருச்சுன்னா மாமாவோட ஆபீஸ்ல அத்தனை பேரும் படிப்பாங்க. நம்ம மானம் இல்லீங்களா?”

கிட்டுசாமி பல நாள் கழித்து வாயைத் திறந்தார். “அவரு சொல்றாப்பல உட்டுரு நாகமணி. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

நாகமணிக்கு ஆத்திரம் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தன் வாயால் தன் சொல்லைச் சொன்னாள். அதையும் இந்த ஆள் எடுத்துப் பூசி மெழுகி, தன் பேரவை லேபிளை ஒட்டி அனுப்பப் போகிறார். அது நடந்துவிட்டால் அவள் பேசவே இல்லை என்றுதான் அர்த்தம்.

திரையில் கெய்ட்லின் என்ற இளம்பெண் வந்தாள். படத்தின் அடியில் எழுத்துப் போடுகிற பிரிவில் வேலை பார்க்கிறவள். வணக்கம் என்று தமிழில் சொல்லப் பழகிவந்திருந்தாள். ஒப்பாரியை முதல் இரண்டு வரி ஓடவிட்டு நிறுத்தினாள். மயில்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்: “தங்கத்தைப் போல வளர்த்தேன், ஓ என் கடவுளே.”

“கடவுளிடமா சொல்கிறார்?” என்றாள் கெய்ட்லின்.

“தமிழர் மரபு” என்றார் மயில்சாமி. காங்கேயத்தில் ‘என்ற சாமி’ என்றால் ‘என் பிள்ளையே’ என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாதா? அவரே பல்லடத்துக்காரர்தான்.

அடுத்த நாலு வரி ஓடியது. மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டார். “மயில்கள் அமைத்த பூப்பந்தலில் ஒருத்திக்கு மாலை சூட்டப்பட்டது. எனக்கோ சோகம் நிறைந்த பாத்திரம்.”

கெய்ட்லின் நெஞ்சில் கை வைத்தாள். என்ன அழகான கவிதை என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். “மன்னிக்கணும். இதில் சாம்பார் என்று ஒரு சொல் கேட்கிறதே? எனக்கு அது தெரியும். தோசையோடு சாப்பிட்டிருக்கிறேன்.”

மயில்சாமி திருதிருவென்று விழித்தார். தமிழர் பேரவை வரலாற்றில் அவரை மடக்கியவர்கள் யாரும் இல்லை. ஒரு கிண்ணம் சாம்பார் மடக்கிவிட்டது.

நாகமணி நாற்காலியை இழுத்து லேப்டாப்பின் முன்னால் போட்டுக்கொண்டாள். சீமாட்டிகளிடம் கற்ற ஆங்கிலம் தடையில்லாமல் வந்தது. “சாம்பார்தான். பெரிய பாத்திரம் நிறைய. மயில் என்பது பறவை இல்லை. இதோ உட்கார்ந்திருக்கிறாரே, மயில்சாமி, இவர்தான். இன்னொரு நடிகைக்கு மாலை போட்டுவிட்டு, என்னைச் சாம்பார் ஊற்ற அனுப்பினார். எழுதிக்கொள்ளுங்கள்.”

கெய்ட்லின் எழுதிக்கொண்டாள். மயில்சாமி போனை எடுத்துக் காதில் வைத்து, வராத அழைப்புக்கு ஹலோ சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார். சற்று நேரத்தில் அவருடைய கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அடுத்த நாலு வரி. லைப்ரரி என்ற சொல் வந்ததும் கெய்ட்லின் புருவத்தை உயர்த்தினாள். நாகமணி திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதை நீங்க சொல்லுங்க.”

“நானா?”

“உங்க லைனுங்க. நீங்கதான் சொல்லோணும்.”

கிட்டுசாமி மென்று விழுங்கினார். தரையைப் பார்த்தார். ஓவியாவைப் பார்த்தார், அவள் உதவிக்கு வரவில்லை. கடைசியில், ஆபீசில் பிரசன்டேஷன் கொடுக்கிற குரலில் ஆரம்பித்தார். “என் கணவர் எல்லாரிடமும் சொல்கிறார்...” அங்கே குரல் இறங்கிவிட்டது. “நான் லைப்ரரிக்குப் போகிறேன் என்று. நான் நடிகை என்று சொல்ல அவருக்கு வெட்கம்.”

பின்பாதி ஒப்பாரியில் இல்லை. அவராகச் சேர்த்தது. நாகமணி திருத்தவில்லை.

கடைசி நாலு வரி ஓடி முடிந்தது. இதை எப்படிச் சொல்வது என்று நாகமணி தயங்கிக்கொண்டிருந்தபோது ஓவியா முன்னால் குனிந்தாள். இரண்டாவது தடவை போட்டுக் கேட்கவில்லை. ஒரு சொல்கூட யாரையும் கேட்கவில்லை. அவளுடைய சுத்தமான நியூஜெர்சி ஆங்கிலத்தில் சொன்னாள்: “நான் பெற்ற மகள் ஒருத்தி இருக்கிறாள். நான் பேசினால் புரியாது என்கிறாள். தாய் அழுவதுமா புரியாது?”

நாகமணி மகளையே பார்த்தாள். இத்தனை வருஷமாக டூ ஃபாஸ்ட், டூ ஃபாஸ்ட் என்றது எல்லாம் பொய். நிஜமாகவே விளங்கவில்லை என்று இருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன.

கெய்ட்லின் கையிலிருந்த தாளைப் புரட்டினாள். “ஒரு சின்னக் குழப்பம். கதையில் இந்தத் தாய்க்கு ஒரே மகன், ராஜ். மகள் கிடையாதே. அந்த வரியை எடுத்துவிடலாமா?”

“மகள் உண்டு” என்றாள் ஓவியா. “அந்த சீனில் இல்லை, அவ்வளவுதான். எடுக்காதீர்கள்.”

கால் முடிந்தது. கெய்ட்லின் உருகி உருகி நன்றி சொன்னாள். மேலிடத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குகிறேன் என்றாள். கிட்டுசாமி எழுந்து, யாரும் சொல்லாமலே வாஷரிலிருந்து ஓவியாவின் துணியை எடுத்து டிரையரில் போடப் போனார். அந்த மனிதருக்கு வருத்தம் வந்தால் இப்படித்தான், ஏதாவது மெஷினோடு போய் நின்றுகொள்வார்.

மேலிடம் என்பது எந்த நாட்டிலும் மேலிடம்தான். சில வாரங்கள் கழித்து ஒப்புதல் வந்தது. வரிக்கு வரி மொழிபெயர்ப்பு திரையில் நெரிசலாகத் தெரிகிறதாம், சாம்பார் என்றால் பார்வையாளர்களுக்குக் குழப்பமாம். ஆகவே, தவறைத் திருத்திவிட்டோம் என்று பெருமையோடு அறிவித்தார்கள். ஒப்பாரியின் அடியில் இப்போது ஓடுகிற வரி: ‘தமிழில் அழுகிறாள்’.

பேரவை இதை வரலாற்று வெற்றி என்று கொண்டாடியது. மயில்சாமி கைகூப்பி நிற்கிற படத்தைப் போட்டு, நெட்வொர்க்கைப் பணியவைத்த தமிழ்ப் போராளி என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினார்கள். வந்த இதயங்களுக்கும் கட்டைவிரல்களுக்கும் பஞ்சமில்லை. நாகமணியின் பெயர் அதில் எந்த மூலையிலும் இல்லை.

அந்தப் படம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஓவியா அதைப் பார்த்துவிட்டுச் சிரி சிரி என்று சிரித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். மடித்துக்கொண்டிருந்த துணியையும் வைத்தாள். தமிழ் அவள் வாயில் கல்லும் முள்ளுமாக வந்தது.

“அம்மா... அந்த சீன்ல நீ அழுதது... அது நடிப்பா, நெஜமா?”

நாகமணி மகளின் சட்டை ஒன்றை எடுத்து உதறி, நீவி, மடித்தாள்.

“நடிப்புத்தான் கண்ணு. நெசமா அழுதா யாரு கட் சொல்றது?”